கேமியிடம் யார் சொல்வது

ஹார்ன் அலறியது. ஸ்காட்லாந்தில், மதர்வெல்லின் அந்தச் சின்னத் தெருவில் சனிக்கிழமைக் காலைத் தூக்கத்தில் இருந்த அத்தனை பேரும் புரண்டு படுத்திருப்பார்கள். மார்ட்டின் கில்ஹூலி கையை எடுத்துவிட்டுப் பார்த்தான். கேமி லம்ஸ்டன் வீட்டுக் கதவு அசையவில்லை. மறுபடி அழுத்தினான். இந்த முறை திறந்தது எதிர்வீட்டு மாடி ஜன்னல்.

"ஏம்ப்பா, ஆறு வருஷமா அடிக்கிறியே, அவன் ஒரு நாளாவது ஹார்னுக்கு வெளியே வந்திருக்கானா?" என்று இரவு அங்கியோடு தலையை நீட்டிக் கேட்டாள் மிசஸ் டாட்ஸ். "போய்க் கதவை உடை. நாங்களாவது தூங்கறோம்."

மார்ட்டின் மன்னிப்புக் கேட்டான். ஜன்னல் படீரென்று மூடிக்கொண்டது.

முன்சீட்டில் கால் நீட்ட இடமில்லாமல் மடங்கிக் கிடந்த கோல்கீப்பர் ஷக் கண்ணைத் திறக்கவில்லை. "அவன்கிட்ட சொல்லவேண்டியதை இங்கேருந்தே கத்திச் சொல்லிடேன். அதுக்காவது வெளியே வருவான்" என்றான்.

"மேட்சுக்கு முன்னாடி கூடாதுன்னு பாஸ் சொல்லியிருக்காரு."

"அது உனக்குச் சௌகரியமாப் போச்சு."

மார்ட்டினுக்குக் கோபம் வந்தது. ஷக் சொன்னது உண்மை என்பதால் கூடுதலாக வந்தது.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் மேனேஜர் டன்னெட் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறை என்றால், கிளப்பின் துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு நாற்காலிகள். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று மார்ட்டின் பொய் சொன்னான். அதை நம்புவது போல நடிக்கக்கூட டன்னெட் மெனக்கெடவில்லை. அடுத்த சீசனில் உதவி மேனேஜராக இருக்கிறாயா என்று நேராகக் கேட்டுவிட்டார்.

இது மார்ட்டின் எதிர்பார்க்காதது. இனி வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு வெந்நீர் பாய்லரைக் கழற்றி மாட்டுவதுதான், சனிக்கிழமைகளில் மனைவி ஜானிஸோடு கடைக்குப் போவதுதான் என்று அவன் மனதைத் தேற்றி வைத்திருந்தான். கால்பந்தை விட்டுப் போகாமல் இருக்க ஒரு கதவு இருக்கிறது, அதுவும் தானாகத் திறக்கிறது என்றால் நம்ப முடியவில்லை.

டன்னெட் அதோடு நிறுத்தவில்லை. "கேமியை அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கலை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிளப் வெளியில சொல்லுது. அதுக்குள்ள நீதான் அவன்கிட்ட சொல்லணும்."

"நானா? அது உங்க வேலை இல்லையா பாஸ்?"

"உதவி மேனேஜர் வேலைன்னா வேற என்னன்னு நினைச்சே? பயிற்சிக் கோனை எடுத்து அடுக்கறதா? அவன்கிட்ட உன்னால சொல்ல முடியலைன்னா நீ எனக்குப் பிரயோஜனம் இல்லை மார்ட்டின்."

அன்றிரவு திரும்பி வரும்போதே, கேமி பெட்ரோல் பங்க்கில் கழிவறைக்குப் போன நேரம் பார்த்து, ஷக்கிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கொட்டிய பிறகுதான் எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்பது உறைத்தது. அந்தக் காருக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. மேனேஜரை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம், ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. வடகிழக்குக் கடற்கரையில் இருக்கும் கிரெய்க்மோர் அத்லெட்டிக் கிளப்புக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். பகலில் மார்ட்டினுக்கு பாய்லர், ஷக்குக்குப் பெயின்ட் கிடங்கு, கேமிக்குப் பார்சல் வேன். ஒருவனை மட்டும் வாங்கினால் அந்தத் தூரம் தாங்காது என்று கிளப் மூன்று பேரையும் ஒரு காராகத்தான் வாங்கியது. ஆறு வருடமாக அந்தக் காருக்குள் பேசியது அந்தக் காரோடு போனது. வியாழக்கிழமையிலிருந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவன் மேனேஜரின் ஆள். ஸ்டியரிங்கே தன்னை முறைப்பது போல மார்ட்டினுக்கு இருந்தது.

கதவு திறந்தது. கேமி வந்தான். ஒரு கையில் டோஸ்ட், மறு கையில் ஒற்றை பூட்ஸ்.

"இன்னொண்ணு எங்கடா?"

"கார்ல இருக்கும்."

காரில் இல்லை. வேனில் இருக்கலாம் என்றான். வேன் பார்சல் கம்பெனியின் வளாகத்தில் இருந்தது, ஊரின் மறுகோடியில். அங்கே போய், காவல்காரரைக் கெஞ்சி, வேனுக்குள் நுழைந்து, யாருக்கோ போகவேண்டிய ஒரு விளக்குக்கு அடியிலிருந்து பூட்ஸை எடுத்துக்கொண்டு கேமி திரும்பி வந்தபோது, கிளம்பியிருக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

"அந்த விளக்கையும் இன்னிக்கே கொடுத்துட்டுப் போயிடலாம், வழியிலதான் இருக்கு" என்றான் கேமி.

மார்ட்டின் காரைக் கிளப்பினான். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

இருபது வருடமாக இந்தத் தாடை வலி அவனுக்குப் பழக்கம். பதினாறு வயதில் கிளாஸ்கோவின் பெரிய கிளப் ஒன்றின் இளைஞர் அணியில் இருவரையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். கேமி வலதுபக்க விங்கர். அவனுக்குப் பின்னால் வலதுபக்க ஃபுல்பேக் மார்ட்டின். கேமி முன்னால் போவான். பந்து பறிபோனால் இடுப்பில் கைவைத்து நிற்பான். அவன் விட்டுப்போன இடத்தையும் சேர்த்து மார்ட்டின் ஓடுவான். அன்றிலிருந்து இன்றுவரை, ஒரே அணியில் ஆடியபோதெல்லாம் ஏற்பாடு அதுதான்.

பதினேழு வயதில் கேமிக்குப் பெரிய அணியில் முதல் ஆட்டம். அரங்கு நிறைந்த கூட்டத்துக்கு முன்னால், உலகக்கோப்பை ஆடிய ஃபுல்பேக் ஒருவரை எல்லைக்கோட்டு ஓரத்தில் வெட்டித் தாண்டினான். கோல் பக்கம் கிராஸ் தூக்கிப் போட வேண்டியதுதான் பாக்கி. கோலுக்கு முன்னால் இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கேமி பந்தை நிறுத்தினான். திரும்பி வந்தான். அதே ஆளை மறுபடியும் தாண்டினான். கூட்டம் கூரையைப் பிய்த்தது. மூன்றாம் தடவை போனபோது கார்னர் கொடியில் மோதி விழுந்தான், பந்து வெளியே உருண்டது. கூட்டம் அதற்கும் கைதட்டியது. அன்றைக்குக் கைதட்டியவர்கள்தான் அவனைக் கெடுத்தவர்கள் என்பது மார்ட்டினின் தீர்மானமான கருத்து.

பிறகு இங்கிலாந்துக்காரர்கள் பெரிய விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த மேனேஜர், ஆளைத் தாண்டினாலும் சரி, தாண்டாவிட்டாலும் சரி, பந்து உள்ளே வந்தால் போதும் என்றார். கேமிக்கு அது தன்னை அவமானப்படுத்துவது போலப் பட்டது. இரண்டு வருடம் ரிசர்வ் அணியில் மழையில் நனைந்துவிட்டுத் திரும்பி வந்தான். அதற்கப்புறம் ஸ்காட்லாந்திலேயே ஒவ்வொரு ஊராக ஒன்பது கிளப். எல்லா ஊரிலும் முதல் மாதம் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது மாதம் மேனேஜருக்குத் தலைவலி மாத்திரை தேவைப்பட்டது.

தேசிய அணிக்கு ஒரே ஒருமுறை அழைப்பு வந்தது. ஹாம்ப்டன் பார்க்கில் மாற்று ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்திருந்தான். ஆட்டம் முடியப்போகும் நேரம். இறங்கு என்று சைகை வந்தது. கேமி எழுந்து டிராக்சூட்டைக் கழற்றினான். உள்ளே வெறும் பனியன். தேசிய அணியின் நீலச் சட்டை டிரஸ்ஸிங் ரூமில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் வேறொருவன் இறங்கிவிட்டான். அதன் பிறகு அழைப்பு வரவேயில்லை. இந்தக் கதையைக் கேமி ஒவ்வொரு கிளப் பாரிலும் நடித்துக் காட்டுவான், ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அன்று அரங்கத்து வாசலில் காத்திருந்து அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தவன் மார்ட்டின். வழி முழுக்கத் திட்டித் தீர்த்தான்.

"பாஸ் அடுத்த வருஷத்துக்கு ஒரு புது விங்கரைத் தேடறாராம்" என்று பின்சீட்டிலிருந்து கேமி சொன்னான். கார் அப்போது பெர்த் நகரைத் தாண்டியிருந்தது.

மார்ட்டின் கண்ணாடியில் அவனைப் பார்த்தான். யார் சொன்னது என்று முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டான்.

"கேள்விப்பட்டேன். நல்லதுதானே. எனக்கு உதவியா ஒருத்தன் இருந்தா நான் இன்னும் நிதானமா ஆடலாம்."

இன்னும் நிதானமாக ஆடினால் இவன் மீது பாசி பிடித்துவிடும் என்று மார்ட்டின் நினைத்துக்கொண்டான். ஷக் இருமலில் முகத்தை மறைத்துக்கொண்டான்.

கிரெய்க்மோரில் கடல் காற்று அன்று கொடியைக் கிழித்துக்கொண்டிருந்தது. சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தாலும் தோற்றாலும் இரண்டு அணிக்கும் போவதும் வருவதும் ஒன்றுமில்லை. நானூறு பேர் வந்திருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் சூடான ஆட்டிறைச்சி பஃப்ஸுக்காக. டன்னெட் கேமியைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். கிரெய்க்மோர் ஒரு கோல் முன்னால் இருக்கும்போது, ஆட்டம் தூங்கி வழிய ஆரம்பித்ததும், கூட்டத்தில் சிலர் கேமியின் பெயரைச் சொல்லித் தகரச் சுவரைத் தட்டினார்கள். டன்னெட் இறக்கிவிட்டார்.

"லம்ஸ்டன், மறக்காம சட்டை போட்டிருக்கியா?" என்று ஒருவர் கத்தினார். கேமி டிராக்சூட் ஜிப்பை இறக்கிக் காட்டினான். கூட்டம் சிரித்தது.

முதல் பந்து வந்தது. எதிரணி ஃபுல்பேக்குக்கு அவனில் பாதி வயது. கேமி தோளை ஒரு பக்கம் சாய்த்தான், பையன் அந்தப் பக்கம் போனான், பந்து இந்தப் பக்கம் போனது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை மார்ட்டின் எப்போதும் மறுத்ததில்லை. பின்னாலிருந்து போடு, போடு என்று தொண்டை கிழியக் கத்தினான். கோல் வாசலில் ஒருவன் தனியாக நின்றான்.

கேமி நின்றான். திரும்பி வந்தான்.

"கில்ஹூலி, ஓட ஆரம்பி" என்றது சுவரோரத்திலிருந்து ஒரு குரல். ஊருக்கே தெரிந்த விஷயம்.

இரண்டாம் தடவை அந்தப் பையன் அசையவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கேமி விட்டுப்போன இடம் வாய்க்கால் மாதிரித் திறந்து கிடந்தது. மார்ட்டின் ஓடினான். முட்டிக்குள் யாரோ மணலைக் கொட்டியது போலிருந்தது. பெனால்டி ஏரியாவுக்குள் கால் நீட்டும்போது பந்து அவனைத் தாண்டிப் போயிருந்தது. ஷக் விழுந்தான். வலை குலுங்கியது. சமன். ஆட்டம் அப்படியே முடிந்தது.

அந்த கோல் விழுந்தபோது மார்ட்டின் மண்ணில் கிடந்தபடி திரும்பிப் பார்த்தான். தூரத்தில் எல்லைக்கோட்டு ஓரத்தில், இடுப்பில் கைவைத்துக் கேமி நின்றுகொண்டிருந்தான். ஏதோ தெரியாதவர் வீட்டில் தகராறு நடப்பதைப் பார்ப்பவன் போல.

இன்று சொல்வது சுலபம் என்று மார்ட்டின் அப்போது நினைத்தான். டிரஸ்ஸிங் ரூமிலேயே ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஜானிஸோடு சமையலறையில் நின்று வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தான். 'கேமி, உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்' என்று ஆரம்பிக்காதே, அதைக் கேட்டால் எனக்கே உன்னை அறையத் தோன்றுகிறது என்று ஜானிஸ் சொல்லியிருந்தாள். 'நல்லா ஆடினே, இத்தோட போதும்னு கிளப் நினைக்குது' என்பதில் வந்து நின்றார்கள். சுருக்கமாக, மரியாதையாக.

டிரஸ்ஸிங் ரூமில் கேமி ஷவருக்கு அடியில் பாடிக்கொண்டிருந்தான். மார்ட்டின் துண்டோடு காத்திருந்தான். ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்று ஆரம்பித்தது. சுடுதண்ணீர் தீர்ந்துபோய் மற்றவர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் வெளியே வந்தான். வந்ததும் மார்ட்டினின் துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டான். தன்னுடையதைக் கொண்டுவர மறந்துவிட்டானாம்.

"கேமி, ஒரு நிமிஷம்."

"பார்ல பேசிக்கலாம்டா, குளிருது."

ரசிகர் மன்ற பாரில் கடைசி ஆட்டத்தன்று ஒரு சின்ன விழா உண்டு. அந்த வருடம் தங்களை அதிகம் சந்தோஷப்படுத்திய ஆட்டக்காரருக்கு ரசிகர்கள் சேர்ந்து ஒரு கேடயம் கொடுப்பார்கள். மைக்கைப் பிடித்திருந்த பெரியவர், இந்த வருடம் கேடயம், எங்கள் ரத்த அழுத்தத்தை ஏற்றியதற்காக, கேமி லம்ஸ்டனுக்கு என்றார். மேஜைகள் அதிர்ந்தன. மார்ட்டின் கண்ணை மூடிக்கொண்டான்.

கேமி மைக்கை வாங்கிக்கொண்டான். ஹாம்ப்டன் கதையைப் பனியனோடு நடித்துக் காட்டினான். பிறகு சொன்னான்: "இன்னிக்கு ரெண்டாவது தடவை பந்தை விட்டுட்டேன். அடுத்த சீசன்ல மூணு தடவை தாண்டிக் காட்டறேன். ஜூலையில பார்க்கலாம்."

ஊரே எழுந்து நின்று கைதட்டியது. டன்னெட் பார் மேஜையில் சாய்ந்தபடி, கூட்டத்துக்கு மேலாக மார்ட்டினைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். சொல்லியாச்சா என்று கேட்டது அந்தப் புருவம். மார்ட்டின் தலையை ஆட்டினான். இல்லை. டன்னெட் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ஜூலையில் பார்க்கலாமாம். ஊர் பார்க்க வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறான். நாளை மதியம் அத்தனை பேருக்கும் தெரியப்போகிறது, இவனுக்கு இன்னும் தெரியாது. மார்ட்டினுக்கு அந்தக் கேடயத்தைப் பிடுங்கி அவன் தலையில் போடவேண்டும் போலிருந்தது. கூடவே, டிரஸ்ஸிங் ரூமிலேயே சொல்லியிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது என்ற எண்ணமும் குத்தியது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

திரும்பும் வழியில் கேமி பின்சீட்டில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓயாமல் பேசினான். பார்சல் கம்பெனியின் மேற்பார்வையாளர், மிசஸ் டாட்ஸின் பூனை, இப்போதுள்ள பையன்களுக்குத் தோளைச் சாய்க்கத் தெரியாதது. நடுவில் மூச்சு வாங்கக்கூட இடம் விடவில்லை. மார்ட்டின் இரண்டு முறை தொண்டையைச் செருமினான். சளி பிடித்திருக்கிறதா, இருமல் மிட்டாய் வேண்டுமா என்று கேமி கேட்டான். அதைத் தேடுகிறேன் என்று கேடயத்தால் ஷக்கின் பிடரியில் இடித்தான்.

பிறகு பசிக்கிறது என்றான். பெரிய சாலையிலேயே கடைகள் இருக்கின்றனவே என்றால், இல்லை, உள்ளே ஒரு கிராமத்தில் மீன் வறுப்பவர் ஒருவர் இருக்கிறார், அவருடையதுதான் வேண்டும் என்றான். அந்தக் கிராமத்தைத் தேடிப் போய், நீள வரிசையில் நின்றார்கள். வரிசையில் மார்ட்டின் மறுபடி ஆரம்பித்தான். "கேமி, அடுத்த வருஷத்தைப் பத்தி..." என்பதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது. கடைக்காரப் பெண்மணி வினிகர் போடவா என்று கேட்டாள். நிறையப் போடுங்கம்மா, காகிதம் நனையணும் என்றான் கேமி. நனைந்தது. கார் சீட்டும் நனைந்தது.

ஸ்டர்லிங் அருகே வந்ததும் ஷக் நிமிர்ந்து உட்கார்ந்தான். இங்கேயே இறக்கிவிடு, மனைவியின் தங்கை வீட்டில் ஒரு விருந்து இருக்கிறது என்றான். காலையிலிருந்து இப்படி ஒரு விருந்தைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. மார்ட்டின் அவனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

"எந்தத் தங்கை?"

"புதுத் தங்கை" என்றான் ஷக். இறங்கி, டிரைவர் ஜன்னல் பக்கம் குனிந்து, தோளைத் தட்டிவிட்டு ஓடியே போனான். கோல் போஸ்டுக்கு நடுவே அவன் அவ்வளவு வேகமாக நகர்ந்து மார்ட்டின் பார்த்ததில்லை.

கேமி முன்சீட்டுக்கு மாறிக்கொண்டான். செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி டாஷ்போர்டில் வைத்து, ஷக் மிச்சம் வைத்துப்போன சிப்ஸை எடுத்துக்கொண்டான். மே மாத வெயில் இன்னும் மலை மேல் இருந்தது. சாலை காலி. காருக்குள் இரண்டே பேர். இனி சாக்கு சொல்ல ஒன்றுமில்லை.

மார்ட்டின் வேகத்தைக் குறைத்தான். 'நல்லா ஆடினே' என்று ஆரம்பிக்க வேண்டும். இன்றைய ஆட்டத்துக்குப் பிறகு அந்த இரண்டு வார்த்தை வாயில் வர மறுத்தது.

"கேமி. ஒரு விஷயம் சொல்லணும்."

"எனக்கும்தான் ஒண்ணு சொல்லணும். அந்த கோலைப் பத்தி" என்றான் கேமி. "மனசுல வெச்சுக்கிட்டு இருக்க வேண்டாம்னு பார்க்கறேன்."

மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று மார்ட்டின் நினைத்தான். இருபது வருடத்தில் முதல் தடவையாக. மனது இளகிக்கூடப் போனது.

"நீ கொஞ்சம் லேட்டு" என்றான் கேமி.

"என்னது?"

"நான் திரும்பினதுமே நீ கிளம்பியிருக்கணும். நீ நின்னு போடு போடுன்னு கத்திக்கிட்டு இருந்தே. அந்த நேரத்துல ஓடியிருந்தா அந்தப் பையனைப் பிடிச்சிருக்கலாம். சொன்னாத் தப்பா எடுத்துக்காதே, வயசாகுதுல்ல."

மார்ட்டின் காரை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினான். இஞ்சினை அணைத்தான். பின்னால் வந்த லாரி ஒன்று திட்டிக்கொண்டே தாண்டிப்போனது.

"வயசாகுதா?" என்றான். "என் முட்டி எதுனால போச்சு தெரியுமாடா? உன்னாலதான் போச்சு. இருபது வருஷமா உன் பங்கையும் சேர்த்து நான் ஓடியிருக்கேன். நீ ஒருத்தனைத் தாண்டுவே, கடவுளே இப்பவாவது போடுவான்னு நினைப்பேன், நீ திரும்பி வருவே. எதுக்குடா திரும்பி வரே? அவன் என்ன உனக்கு மாமனா மச்சானா, மறுபடி மறுபடி போய்ப் பார்க்கறதுக்கு? இங்கிலாந்துல இருந்திருக்கலாம் நீ. பத்து வருஷம் தேசிய அணியில ஆடியிருக்கலாம். ஒரு சட்டையைப் போட்டுக்கத் துப்பில்லை. ஒரு பூட்ஸை வெச்ச இடத்துல எடுக்கத் துப்பில்லை. இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நின்னு ஜூலையில பார்க்கலாம்கறே. ஜூலையில யாரைடா பார்க்கப்போறே? உனக்கு ஜூலையே கிடையாது. உன்னைக் கழட்டி விட்டுட்டாங்க. கான்ட்ராக்ட் இல்லை. முடிஞ்சுபோச்சு. நாளைக்கு மத்தியானம் ஊருக்கே சொல்லப்போறாங்க, அதுக்குள்ள உன்கிட்ட சொல்லித் தொலைன்னு என் தலையில கட்டியிருக்காங்க. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலை, உன்னால. காலை எடுடா அங்கேருந்து."

கேமி டாஷ்போர்டிலிருந்து காலை எடுத்தான்.

ஜானிஸோடு தயார் செய்த வாக்கியம் அப்போதுதான் மார்ட்டினுக்கு ஞாபகம் வந்தது. சுருக்கமாக, மரியாதையாக. ஒரு மனிதனின் வாழ்க்கையையே முடித்து வைக்கும் செய்தியை, சாலையோரத்தில், வினிகர் நாற்றத்துக்கு நடுவே, பூட்ஸோடு சேர்த்து வீசியெறிந்திருக்கிறான். இந்த லட்சணத்தில் உதவி மேனேஜர். டன்னெட்டுக்குத் தெரிந்தால் வேலையைக் கொடுப்பதற்கு முன்பே பிடுங்கிக்கொள்வார். கொள்ளட்டும். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று முனகினான்.

கேமி சிப்ஸ் காகிதத்தை ஒழுங்காக மடித்தான். மடித்து முடித்ததும் இன்னொரு முறை மடித்தான். ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே வயலில் ஆடுகள் மேய்வதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. திரும்பியபோது முகம் சிவந்திருந்தது, ஆனால் ஏறக்குறைய சிரித்துக்கொண்டிருந்தான்.

"செவ்வாய்க்கிழமையே பாஸ் எங்கிட்ட சொல்ல வந்தாருடா. வேற யார் சொன்னாலும் அழுதுடுவேன் பாஸ், மார்ட்டின் வாயால வந்தா வழக்கமான திட்டு மாதிரி போயிடும், அவனையே சொல்லச் சொல்லுங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."